டிசம்பரின் பதினொரு காலைகள்

நெலிடா கெரெவாலு இறந்த மறுநாள், புந்தா கார்கமோவின் சிறிய வானொலியில், மீன் விலைக்கும் அலை நிலவரத்துக்கும் நடுவில் அவள் பெயரை வாசித்தார்கள். கடல் ஆய்வகத்தின் முன்னாள் தட்டச்சர் என்று சொன்னார்கள். தவறில்லை. எண்பத்தொன்பதில், இருபத்திரண்டு வயதில், அந்த வேலைக்குத்தான் அவள் சேர்ந்தாள். ஆனால் பெருவின் வடகரையில் இருக்கும் இந்தச் சின்னத் துறைமுகத்தின் முப்பத்திரண்டு ஆண்டுக் கடலை, உலகத்தில் எவரும் எந்த நேரமும் திறந்து பார்க்கும்படி வைத்தவளும் அவள்தான். அது வானொலியில் வரவில்லை.

ஆய்வகத்தின் வேலை எளிமையானது. தினமும் காலை ஏழு மணிக்குத் துறைமேடையின் முனையிலிருந்து ஒரு வாளியைக் கடலில் இறக்குவார்கள். நிரம்பியதும் மேலே இழுத்து, அதிலேயே வெப்பமானியை நிறுத்தி, நூறு எண்ணி, நீரிலிருந்து எடுக்காமலே எண்ணைப் படிப்பார்கள். நோட்டில் தேதி, நேரம், வெப்பநிலை எழுதப்படும். முதல் இருபத்தெட்டு ஆண்டுகள் அதைச் செய்தவர் மேடைக்காவலர் சாந்தோஸ் சூங்கா. நோட்டிலிருந்து தாளில் ஏற்றியவள் நெலிடா. தான் சேர்வதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளையும் சேர்த்து, முதலில் தட்டச்சுப் பொறியில், பிறகு கணினியில். லீமாவிலிருந்து டாக்டர் பட்டம் பெற்றவர்கள் வருவார்கள், இரண்டு வருடம் இருப்பார்கள், வெயிலும் மணலும் போதும் என்று மாற்றல் வாங்கிக்கொண்டு போவார்கள். எந்த ஆண்டு எந்த வெப்பமானி, எப்போது உடைந்தது, எந்த மாதம் வாளி தகரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியது என்று கேட்டால் பதில் சொல்ல அவள் ஒருத்திதான் எப்போதும் இருந்தாள்.

கண்டத்தின் ஆய்வகங்கள் எல்லாம் தங்கள் அளவீடுகளை ஒரே இணையத் தளத்தில் சேர்ப்பது என்று முடிவானது 2018இல். ஆய்வகத்தின் மேற்பார்வை லீமாவில் உட்கார்ந்திருந்த டாக்டர் உகாஸிடம் இருந்தது. அவருக்கு அதில் விருப்பம் இல்லை.

"நம்ம பசங்க வெயில்ல நின்னு அளப்பாங்க, வெளிநாட்டுக்காரன் குளுகுளு அறையில உக்காந்து கட்டுரை எழுதுவான். இதுக்கா, நெலிடா?" என்றார் தொலைபேசியில்.

"பெட்டிக்குள்ள வெச்சா மட்டும் யாரு எழுதுறா, டாக்டர்? கரையான்தான் எழுதுது."

அவர் சிரித்துவிட்டார். தளத்தின் படிவத்தில் 'தரவு மேலாளர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகாது. "உங்க பேரயே போட்டுடுங்க. வேற யாரு இருக்கா?" என்றார் உகாஸ். அப்படித்தான் ஐம்பத்தொரு வயதில் அவளுக்கு அந்தப் பதவி வந்தது.

மூன்று மாதம் உட்கார்ந்து முப்பத்திரண்டு ஆண்டுகளையும் ஒரே கோப்பாக்கினாள். மொத்தம் பதினோராயிரத்து அறுநூற்றுச் சொச்சம் காலைகள். பதிவேற்றிவிட்டுத் தளத்தின் வரைபடத்தைத் திறந்தபோது வேதியியலாளர் ரொசாலியோ பின்னால் நின்று வாழைக்காய் வறுவலைக் கொறித்துக்கொண்டிருந்தான்.

"தோன்யா நெலிடா, நம்ம ஊரு எங்கேயோ நடந்து போயிருச்சு!"

வரைபடத்தில் பெருவின் கரை வெறுமையாக இருந்தது. புந்தா கார்கமோ என்ற புள்ளி உலகின் மறுபக்கத்தில், இலங்கைக்கு நேர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் நடுவில் நின்றது.

"சாந்தோஸ்கிட்ட சொல்லிடாதே. மேடையைத் தேடிப் படகு எடுத்துட்டுக் கிளம்பிருவாரு," என்றாள்.

காரணம் அவளுக்கு உடனே புரிந்தது. மேற்கு நெடுங்கோட்டுக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். இந்தக் கரையில் யாரும் அதைப் போட்டு எழுதியதில்லை. எண்பத்தொன்று என்றால் மேற்குத்தான், வேறு எங்கே இருக்கப்போகிறோம்? எல்லா நோட்டிலும் எல்லாத் தாளிலும் வெறும் எண்பத்தொன்றுதான். அதையே அவளும் ஏற்றியிருந்தாள்.

தளத்தில் தானாக இயங்கும் ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு எண்ணையும் அந்த இடத்துக் கடலின் வழக்கமான சூட்டோடு ஒப்பிட்டு, நல்லது என்றால் ஒன்று, கெட்டது என்றால் நான்கு என்று குறியிடும். இந்தியப் பெருங்கடலில் நின்ற புந்தா கார்கமோவின் பதினேழு, பதினெட்டுப் பாகை நீரை அது நம்பவில்லை. திரை முழுக்கச் சிவப்பு நான்குகள். அங்கங்கே சில பச்சைப் பொட்டுகள். அடர்த்தியாக ஒரே ஒரு பச்சைத் திட்டு, தொண்ணூற்றேழு டிசம்பரிலிருந்து தொண்ணூற்றெட்டு ஏப்ரல் வரை. கடலைச் சூடாக்கி மழையைக் கொட்டும் எல் நீன்யோ ஊரையே அடித்துக்கொண்டு போன அந்த ஐந்து மாதம்.

"பாருங்க, அந்த வருஷம் நாம நெசமாவே இந்தியாலதான் இருந்திருக்கோம்!" என்று ரொசாலியோ கைதட்டினான். பக்கத்து அறையிலிருந்தும் பார்க்க வந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

நெலிடா மட்டும் பச்சையை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த ஐந்து மாதத்தில் நாட்கள் நூற்று ஐம்பத்தொன்று. பச்சை நூற்று நாற்பது. கழித்தால் பதினொன்று. டிசம்பர் ஒன்றிலிருந்து பதினொன்று வரை.

அவள் எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

தொண்ணூற்றேழு நவம்பரில் கடல் இருபத்துமூன்று பாகையில் இருந்தது. டிசம்பர் முதல் தேதி சாந்தோஸின் நோட்டில் 28.1 என்று இருந்தது. ஒரே இரவில் ஐந்து பாகை ஏறுமா? அவருடைய ஒன்றும் இரண்டும் எப்போதுமே அண்ணன் தம்பி போல இருக்கும். குளிர்நீர் கீழிருந்து கிளம்பி வெப்பம் இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். ஏறுவதை இப்படிப் பார்த்ததில்லை. 18.1 என்று திருத்தி லீமாவுக்குத் தொலைநகலில் அனுப்பினாள். மறுநாள் 28.3, அதையும் திருத்தினாள். பதினொரு நாள் இப்படிப் போனது. பன்னிரண்டாம் நாள் சாந்தோஸ் நோட்டோடு வாளியையும் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்குள் வந்தார். "கொமாத்ரே, எனக்குக் கோளாறா, கடலுக்குக் கோளாறா, நீயே பாரு," என்றார். அவள் மகளுக்கு ஞானஸ்நானத் தந்தை அவர். அந்த முறையில்தான் கூப்பிடுவார். அவள் வாளிக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம் ஆன சூப் போல இருந்தது.

அன்றிலிருந்து நோட்டில் உள்ளதையே அனுப்பினாள். ஆனால் போன பதினொன்றைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பிறகு மழை வந்தது, பாலங்கள் போயின, யாரும் எதையும் கேட்கவில்லை. வருடங்கள் போகப்போக, மறந்துவிட்டதாகவே அவள் நம்பினாள்.

இப்போது நெடுங்கோட்டுக்குக் கழித்தல் குறி போட்டு மறுபடி ஏற்றினாள். ஊர் தன் கரைக்குத் திரும்பி வந்தது. முப்பத்திரண்டு ஆண்டும் பச்சையாயிற்று. அந்த ஐந்து மாதம் மட்டும் தலைகீழாகப் புரண்டது. பதினோராம் தேதி பதினெட்டரை, பன்னிரண்டாம் தேதி இருபத்தெட்டரை. இந்தக் கரையின் வழக்கத்தை மீறிய சூட்டையும், ஒரே நாளில் பத்துப் பாகை தாண்டியதையும் கண்ட சோதனை, அளந்தவரோ கருவியோ சரியில்லை என்று முடிவு கட்டி, சாந்தோஸின் நூற்று நாற்பது காலைகளுக்கும் நான்கு போட்டது. அந்த டிசம்பரில் நல்லவை என்று தேறியவை பதினொன்றே. பதினொன்றும் அவள் எழுதிய பொய்.

தளத்தின் விதி கண்டிப்பானது. அந்த மாத முடிவில் ஒவ்வொரு துறையின் கோப்பையும் பூட்டி, மாறாத எண் ஒன்று கொடுத்துவிடுவார்கள். நான்கு பெற்ற அளவுகள் இறக்கிக்கொள்ளும் கோப்பில் வராது. புந்தா கார்கமோவில் அந்த ஆண்டு எல் நீன்யோவே வரவில்லை என்றுதான் உலகம் படிக்கும். அதற்கு இன்னும் இருபத்தேழு நாள் இருந்தது.

டாக்டர் உகாஸுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பதினொண்ணுதானே? திருத்திட்டு மறுபடி ஏத்துங்க. சோதனை வாய மூடிக்கும். யாருக்குத் தெரியப்போகுது?"

"சொல்லாம திருத்துனதுதான், டாக்டர், மொதல்ல நான் செஞ்சது."

"யோசிங்க, நெலிடா. பதினொண்ணு மாத்துனேன்னு எழுதிக் கொடுத்தா, மிச்சம் பதினோராயிரத்த எவன் நம்புவான்? எல்லாம் நீங்க அடிச்சதுதானே?"

அதில் நியாயம் இருந்தது. அவள் பதில் சொல்ல ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டாள். மறுநாள் கூப்பிட்டு, "அப்ப எல்லாத்தையும் சரிபார்த்துடறேன்," என்றாள்.

நோட்டுகள் எல்லாம் இருந்தன. மீன்மாவுச் சாக்குகளில் ஆண்டுவாரியாகக் கட்டி, சரக்கறையில் அவளே வைத்தவை. ஆனால் சாந்தோஸின் கையெழுத்தைச் சந்தேகமில்லாமல் வாசிக்கச் சாந்தோஸால்தான் முடியும். அவர் ஓய்வுபெற்று நான்கு வருடம் ஆகியிருந்தது. வீட்டு வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவரிடம் போய், நின்றுகொண்டே சொன்னாள்.

அவர் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்ப இருபது வருஷமா என் தண்ணிய நீ ஆற வெச்சிருக்க."

"ஆமா, கொம்பாத்ரே."

"குடிச்சிட்டு எழுதுனேன்னு நெனச்ச."

"குடிச்சிட்டுன்னு நெனைக்கல. தூக்கக் கலக்கம்னு நெனச்சேன்."

"அது இன்னும் கேவலம். குடிச்சிருந்தா ஒரு மரியாதையாவது இருக்கும்." அவர் முடிச்சொன்றைப் பல்லால் இழுத்தார். "அந்த டிசம்பர்ல எத்தன தடவ நான் வெப்பமானிய மாத்தினேன் தெரியுமா? மூணு தடவ. நானே என்ன நம்பல. ஐஸ் ஆலையில போயி வேற ஒண்ணு எரவல் வாங்கிட்டு வந்து ரெண்டையும் ஒரே வாளியில போட்டுப் பாத்தேன். ஓரத்துல பென்சில்ல எழுதியிருப்பேன், போயிப் பாரு. நீ ஓரத்த எங்க படிச்ச? உன் தாள்ல அதுக்குக் கட்டம் இல்லையே!"

"இல்ல."

"போ. இன்னைக்கு உன்னோட பேச மாட்டேன்."

அவள் வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆய்வகத்தைத் திறந்தபோது அவர் படியில் உட்கார்ந்திருந்தார். சலவை செய்த சட்டை, கண்ணாடி, கையில் ஒரு பாட்டில் எலுமிச்சைச் சாறு.

"எந்தச் சாக்கு மொதல்ல?" என்றார்.

இருபது நாள் வாசித்தார்கள். சாந்தோஸ் நோட்டைப் பார்த்து உரக்கச் சொல்வார். நெலிடா திரையைப் பார்த்து "சரி" என்பாள். பதினேழு புள்ளி நாலு, சரி. பதினேழு புள்ளி ரெண்டு, சரி. ஜன்னலுக்கு வெளியே போகும் மீனவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

"பிங்கோவா, தோன் சாந்தோஸ்? நானும் ஒரு அட்டை வாங்கிக்கிறேன்!"

"பதினெட்டு புள்ளி ஆறு! உன் மாமியாருக்கு வயசு சொல்றேன், ஓடுடா!"

ஓய்வுக்குப் பிறகு மற்றவர்கள் எழுதிய நோட்டுகளையும் அவரே வாசித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தக் கையெழுத்துகளைத் திட்டினார். எங்கேயாவது எண் ஒத்துப்போகாவிட்டால் நெலிடா நிறுத்துவாள். தேதி, நோட்டில் உள்ளது, கணினியில் உள்ளது, பிழை யாருடையது என்று நான்கு கட்டம் போட்ட தாளில் எழுதிக்கொள்வாள். பெரும்பாலும் விரல் வழுக்கியவை. எட்டுக்கு ஒன்பது, இடம் மாறிய புள்ளி. இரண்டு இடத்தில் சாந்தோஸே ஒரே நாளை இரண்டு தடவை எழுதியிருந்தார்.

"அத எழுதாத."

"எழுதுவேன்."

"கொமாத்ரே, அன்னைக்கு என் தங்கச்சி கல்யாணம்!"

"அதையும் எழுதிக்கிறேன்." எழுதினாள்.

தொண்ணூற்றேழு டிசம்பர் நோட்டு வந்தபோது அவர் குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. இருபத்தெட்டு புள்ளி ஒண்ணு என்றார். அவள் "பிழை" என்றாள். இருபத்தெட்டு புள்ளி மூணு. பிழை. பதினொரு தடவை. ஓரத்தில் பென்சில் எழுத்து மங்கலாக இருந்தது: இரண்டாவது வெப்பமானி, ஐஸ் ஆலையினுடையது, 28.2. அவள் அதைச் சாளரத்தின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு எல்லா நோட்டுகளின் ஓரங்களுக்கும் கோப்பில் ஒரு புதிய கட்டம் சேர்த்தாள். அதற்காகவே இன்னும் இரண்டு நாள் ஆனது. இறாலை வலையோடு அள்ளியது, பறவைகள் செத்துக் கரையொதுங்கியது, மேடைக்கடியில் ஊரில் யாரும் பார்த்திராத வரி மீன்கள் வந்தது, எல்லாம் அந்த ஓரங்களில் இருந்தன.

மொத்தப் பிழைகள் நாற்பத்தெட்டு. அதில் முப்பத்தேழு கைத்தவறு. பதினொன்று மட்டும் தெரிந்தே செய்தது.

தளத்தின் சார்பில் புந்தா கார்கமோவைச் சரிபார்ப்பவள் கண்டத்தின் மறு கரையில், மோந்தெவிதேயோ நகரில் இருந்தாள், மைத்தே என்று பெயர். நோட்டுப் பக்கங்களின் படங்களும், வெப்பமானிச் சான்றிதழும், பிழைப் பட்டியலும் போய்ச் சேர்ந்த மறுநாள் திரையில் பேசினாள். கையில் மாத்தே என்ற இலைத் தேநீர்க் குடுவையோடு, உறிஞ்சிக் குடித்துக்கொண்டே.

"சென்யோரா நெலிடா, இப்படி ஒரு கோப்ப நான் பாத்ததே இல்ல. பன்னெண்டு நாட்டுலேருந்து வருது. எல்லாருமே எங்க கடல்ல பிழையே இல்லன்னுதான் அனுப்புறாங்க."

"எங்களுக்கு நாப்பத்தெட்டு."

"நூத்தி நாப்பதுக்கும் ஒண்ணு போட்டுடறேன். அந்தப் பதினொண்ணையும் நோட்டுல உள்ளபடி மாத்திடலாம். ஒரே ஒரு விஷயம். பட்டியல்ல உங்க பேரு வேண்டாம். 'உள்ளிடுகையில் பிழை'ன்னு போட்டாப் போதும், எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. இது அழியாத பக்கம், சென்யோரா. நாம போன பிறகும் இருக்கும்."

"அதனாலதான் பேரு வேணும். பேரு இல்லன்னா, அளந்தவரு தப்பா அளந்தாருன்னு நெனைப்பாங்க. அவரு சரியாத்தான் அளந்தாரு. நான்தான் நம்பல. அப்படியே போடுங்க."

மைத்தே குடுவையைக் கீழே வைத்தாள். அப்படியே போட்டாள். 1997 டிசம்பர் 1 முதல் 11 வரை. நோட்டில் சரியாக இருந்தது. உள்ளிட்டவர் நம்பாமல் மாற்றினார். உள்ளிட்டவர் நெலிடா கெரெவாலு எச்சே. மைத்தே இன்னொரு காரியமும் செய்தாள். இந்தக் கரையின் நீர் இதற்கு மேல் சூடாகாது என்று சோதனை வைத்திருந்த மேல் வரம்பைத் தன் குழுவிடம் எடுத்துச் சென்று மாற்ற வைத்தாள். அடுத்த வாரம், வடக்கே இன்னும் நான்கு துறைகளில் யாரும் கேட்காமலே கெட்டவை ஆகியிருந்த அதே ஐந்து மாதம், ஒன்று என்று திரும்பி வந்தது. அங்கெல்லாம் வாளி இறக்கியவர்கள் யாரென்று நெலிடாவுக்குத் தெரியாது. ஆனாலும் அன்று முழுவதும் ஆய்வகத்தில் பாட்டு முனகிக்கொண்டே நடந்தாள் என்று ரொசாலியோ இப்போதும் சொல்வான்.

டாக்டர் உகாஸ் கூப்பிட்டார். "குவாயாகில்லேருந்து ஒரு ஆய்வகம் உங்க பிழைத்தாள் மாதிரியக் கேக்குது. அந்த நாலு கட்டம். தெற்கேருந்தும் கேக்குறாங்க." குரலில் கொஞ்சம் தயக்கம். "நான் அன்னைக்குச் சொன்னத மறந்துருங்க."

"நான் எதையும் மறக்கறதில்ல, டாக்டர். ஆனா அத எங்கயும் எழுதல."

கோப்பு பூட்டப்பட்ட அன்று சாந்தோஸ் ஆய்வகத்துக்கு வந்து, திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் பக்கத்தைத் திறந்தாள். துறையின் பெயர், சரியான கடலில் ஒரு புள்ளி, மாறாத எண். அளந்தவர்: எஸ். சூங்கா. தரவு மேலாளர்: நெலிடா கெரெவாலு எச்சே.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இரண்டு தடவை படித்தார்.

"யாரு இந்த எஸ். சூங்கா?"

"நீங்கதான், கொம்பாத்ரே."

"இந்த ஊர்ல நாலு சாந்தோஸ் சூங்கா இருக்கான். ஒருத்தன் இறால் திருடன். எங்க அம்மாவுக்குப் பேரு இல்லையா? சாந்தோஸ் சூங்கா பாந்தான்னு போடு. உனக்கு மட்டும் அப்பா பேரு, அம்மா பேரு ரெண்டும் முழுசா இருக்கு!"

"பூட்டியாச்சே. இனிமே தொட்டா பதிப்பு எண் மாறும், காரணமும் எழுதணும்."

"எழுது. உனக்குத்தான் காரணம் எழுதப் புடிக்குமே."

அவள் உட்கார்ந்து மோந்தெவிதேயோவுக்கு எழுதினாள். இரண்டு மணி நேரத்தில் இரண்டாம் பதிப்பு வந்தது. மாற்றங்களின் பட்டியலில் ஒரே ஒரு வரி: அளந்தவரின் தாய்வழிப் பெயர் சேர்க்கப்பட்டது. சாந்தோஸ் அந்த வரியையும் தன் பெயரையும் வாசித்துவிட்டு, அச்செடுத்துத் தரச் சொன்னார். மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெயிலில் வீட்டுக்கு நடந்தார். வழியில் கண்டவரிடமெல்லாம் காட்டியதால் அவர் வீடு போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

நெலிடா அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் இருந்தாள். பதிப்புகள் இப்போது ஒன்பதாகிவிட்டன. ஒவ்வொன்றிலும், என்ன மாறியது, யார் மாற்றியது, ஏன் என்று எழுதியிருக்கிறது. முதல் பதிப்பின் அந்தப் பதினொரு காலைகளுக்கு எதிரே அவளுடைய முழுப் பெயர் இருக்கிறது. அவளை அறிந்தவர்கள் அதைச் சங்கடத்தோடு படிப்பதில்லை.